நிலவறையில் துளசியின் கோதுகள்

1

சென்ற மாதம் கோப்பாயிலிருந்து என் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். சுகம் விசாரித்தாள், மழை பெய்ததைச் சொன்னாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, உங்கட துளசி துவக்குச் சுடுறாளாம். உண்மையோ?"

இங்கே சுவிசில், சூக் நகரத்தில் யாரோ ஒருவர் ஒரு கலியாண வீட்டில் சொன்ன கதை அது. அங்கிருந்து கொழும்புக்குப் போய், கோப்பாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் என் மகள் சுவிஸ் இராணுவத்தில் சேர்ந்துவிட்டாள் என்றும், வீட்டில் ஒரு அறை நிறையத் துவக்குகள் இருக்கின்றன என்றும் வளர்ந்திருந்தது.

"இராணுவமும் இல்லை, அறையும் இல்லை. ஆனா சுடுறாள்தான்" என்றேன்.

"ஐயோ அக்கா. அத்தான் ஒண்டும் சொல்லேல்லையோ?"

அத்தான் நிறையச் சொன்னார். ஒன்றும் சொல்லாமலும் நிறைய நாள் இருந்தார். அதையெல்லாம் தொலைபேசியில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எங்கள் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கும்போது நாங்கள் பெரும்பாலும் படிப்பையும் வேலையையும் சொல்லி முடித்துவிடுகிறோம். எங்கள் வீட்டுக் கதை அப்படி முடிவதில்லை.

எங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூர் நகரத்துக்குப் பக்கத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊரில் நாங்கள் இருக்கிறோம். நான் மருத்துவமனையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். என் கணவர் யோகன் டாவோசில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. பாத்திரம் கழுவுவதில் தொடங்கியவர், இப்போது சூப்புக்கும் சோஸுக்கும் அவர்தான் பொறுப்பு. வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கிவிடுவார். துளசி எங்களுக்கு ஒரே பிள்ளை. உலோகத்தைக் கடைந்து இயந்திர உதிரிகள் செய்யும் தொழில் படித்து, அதே தொழிற்சாலையில் வேலைக்கும் சேர்ந்தவள்.

2

2009இல் துளசிக்கு எட்டு வயது. அந்த மாதங்களில் அவளையும் இழுத்துக்கொண்டு பேர்ணுக்கும் ஜெனீவாவுக்கும் ஊர்வலங்களுக்குப் போனோம். குளிரில் நின்று பெரியவர்கள் அழுவதைப் பார்த்தபடி அவள் பாணும் சொக்லேட்டும் சாப்பிட்டாள். மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது. வீட்டில் நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதை விட்டோம். அவளும் கேட்கவில்லை.

குடியுரிமைக்கு நாங்கள் மூவரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க இருந்தோம். அந்த நேரம் இவர் முதுகு நோவில் படுத்துவிட்டார். இரண்டு ஆண்டு வேலையில்லாமல் உதவிப் பணத்தில் இருந்ததால் அவருக்குத் தள்ளிப்போட்டார்கள். அவர் இல்லாமல் எனக்கு மட்டும் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். துளசி காத்திருக்கவில்லை. தொழில் படிக்கும்போதே தனியாக விண்ணப்பித்து, கேள்விக்கெல்லாம் கிராமத்து ஆட்களின் பேச்சிலேயே பதில் சொல்லி, சிவப்புக் கடவுச்சீட்டோடு வந்து நின்றாள். எங்கள் வீட்டில் முதல் சுவிஸ்காரி.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, தான் ஊரில் உள்ள ஷூட்ஸன் சங்கத்தில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். சனிக்கிழமைகளில் போகவேண்டுமாம்.

என் டொய்ச் மொழி வேலையிடத்தில் பொறுக்கியது. ஷூட்ஸன் என்றால் பாதுகாப்பது என்று எனக்குத் தெரியும். கிருமியிலிருந்து பாதுகாக்க, கையைப் பாதுகாக்க, கண்ணைப் பாதுகாக்க என்று எங்கள் பகுதிச் சுவர் முழுக்க அந்தச் சொல் ஒட்டியிருக்கும். விலங்குகளைப் பாதுகாக்கும் சங்கங்கள் இருப்பதும் தெரியும். என் பிள்ளை ஏதோ நல்ல காரியத்தில் இறங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போனபோது, தெரிந்த ஒருவரிடம் பெருமையாகவே சொன்னேன்.

"துளசி இப்ப பாதுகாப்புச் சங்கத்தில இருக்கிறாள்."

"என்னத்தைப் பாதுகாக்கிறவை?"

"காடு, மிருகங்கள் எல்லாம் இருக்கும்தானே."

அதே சொல் சுடுகிறவர்களையும் குறிக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க நான் அவளுக்குச் சனிக்கிழமைகளில் சாப்பாடு கட்டிக் கொடுத்து, காட்டைப் பாதுகாக்க அனுப்பிக்கொண்டிருந்தேன். அவள் என் பிழையைத் திருத்தவில்லை. திருத்துவதற்குச் சரியான நாளுக்காகக் காத்திருந்ததாகப் பின்னர் சொன்னாள். அப்படியொரு நாள் வராது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

3

எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை அறை ஒன்றுதான். உங்கள் முறை வரும் நாளில்தான் தோய்க்கலாம். அப்படி ஒரு நாளில் துளசியின் வேலை உடுப்புகளைப் போட்டுவிட்டு நின்றேன். இயந்திரம் சுற்றத் தொடங்கியதும் உள்ளே ஏதோ கிலுங்கியது. சில்லறைக் காசாக இருக்கும் என்று நினைத்தேன். முடிந்த பிறகு, இரப்பர் வளையத்துக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தேன்.

என் விரல் நீளத்தில், பித்தளையில், ஒரு துவக்கு ரவையின் வெற்றுக் கோது. சுட்டு முடிந்தது. தோய்த்ததில் பளிச்சென்று இருந்தது.

நான் அதைப் பார்த்து எவ்வளவு காலம். கோப்பாயில் நாங்கள் பள்ளிக்கூடம் போகிற பாதையில் இவை கிடக்கும். கால் பட்டால்கூட நின்று பார்க்க மாட்டோம். சோதனைச் சாவடியில் ஒருவனின் பையில் ஒன்று இருந்தால் அவன் வீடு வருவது நிச்சயமில்லை. சலவை அறைச் சீமெந்துத் தரையில் அப்படியே இருந்துவிட்டேன். அடுத்த முறைக்காரி கூடையோடு வந்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லி, கோதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மேலே ஏறினேன்.

துளசி குசினியில் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். மேசையில் வைத்தேன்.

"ஐயோ, இதைத்தான் தேடினனான்" என்றாள் முதலில். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இருங்கோ. சொல்லுறன்."

சொன்னாள். முந்நூறு மீற்றர் தூரத்தில் ஒரு வட்டத்தைச் சுடுவது. வேறொன்றுமில்லை. தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் லடினா என்ற பெண்தான் கூட்டிக்கொண்டு போனாளாம். படுத்திருந்து, மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்கு முன்னால் சுடவேண்டுமாம். "அந்த நேரம் தலைக்குள்ள ஒண்டும் இருக்காது அம்மா. எனக்கு வேற எங்கயும் அப்பிடி இருக்கிறேல்லை."

"அப்பாவுக்கு என்ன சொல்லப்போறாய்?"

அவள் கோதை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

4

இவருடைய வீட்டுக் கதையைத் துளசி ஒரு வரியாகத்தான் அறிந்திருந்தாள்: பெரியப்பாவைச் சுட்டுவிட்டார்கள். அது மீசாலையில், அவர்களுடைய வீட்டு வளவுக்குள்ளேயே, ஒரு காலையில் நடந்தது. பெரியப்பா சந்திரனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இவருக்குப் பதினேழு. இவர் வீட்டுக்குள் இருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அண்ணன் கிணற்றடியில் கிடந்தார். சுட்டவர்களைக் கண்டவர் ஒருவரும் இல்லை. அந்தக் காலத்தில் ஊரில் துவக்கு வைத்திருந்தவர்கள் ஒரு தரப்பினர் மட்டும் அல்ல. அதனால் யார் சுட்டது என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. எனக்கும் அதற்குமேல் தெரியாது. கலியாணம் கட்டி இத்தனை ஆண்டில் இவர் அதைப் பற்றி என்னோடு இரண்டு தடவைக்கு மேல் கதைத்ததில்லை.

இந்த நாட்டில் துவக்கு ஒரு சாதாரணச் சாமான். வார இறுதியில் இராணுவச் சேவைக்குப் போய்வரும் பொடியன்கள் ரயிலில் அதை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்வார்கள். டாவோஸ் ரயிலில் அப்படி ஒருவனைக் கண்டால் இவர் அடுத்த பெட்டிக்கு மாறிவிடுவார். கோபமாக இல்லை. மழைக்கு ஒதுங்குவதுபோல எழும்பிப் போவார்.

துளசி சொன்னபோது இவர் சத்தம் போடவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"என்ர வீட்டுக்க அந்தச் சாமான் வரக்கூடாது."

"வராது அப்பா. கொண்டுவரவும் ஏலாது."

அது உண்மை. இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் துவக்கோ ரவையோ வைத்திருக்க முடியாது என்று இங்கே ஒரு சட்டம் உண்டு. துளசி சுவிஸ்காரி, அவள் வைத்திருக்கலாம். ஆனால் அதே வீட்டில் இருக்கும் நாங்கள் இருவரும் இலங்கைக்காரர். எங்கள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். அவளே பொலிசுக்குப் போய் விசாரித்து வந்து, வில்லங்கம் எதற்கு என்று துவக்கையும் வெடிமருந்தையும் லடினாவின் வீட்டில் பூட்டி வைத்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தது கோதுகள் மட்டும்.

அவை வீட்டுக்குள்ளும் வரவில்லை, கீழே போயின. எங்கள் கட்டடத்துக்கு அடியில், போர் வந்தால் ஒளிவதற்கென்று ஒரு நிலவறை இருக்கிறது. தடித்த கொங்கிரீட் சுவர், மனிதன் தோள் கொடுத்துத் தள்ளவேண்டிய இரும்புக் கதவு. போர் வராதபடியால் அதை மரச்சட்டத்தால் பிரித்து வீட்டுக்கு ஒரு பங்காகக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் உருளைக்கிழங்கும் பனிச்சறுக்குப் பலகையும் வைத்திருந்தார்கள். எங்கள் பங்கில் அரிசி மூட்டையும் பழைய சூட்கேசுகளும் இருந்தன. துளசி சூட்கேசுகளை ஒதுக்கி ஒரு மேசை போட்டாள்.

இவர் அன்றிலிருந்து அரிசி எடுக்கக்கூடக் கீழே போகவில்லை.

5

என் குசினியில் பழப்புளி குறையத் தொடங்கியதில்தான் அந்த வேலை என் கண்ணில் பட்டது. கேட்டபோது சிரித்தாள். நான் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பதைச் சிறு வயதில் பார்த்தவள். பித்தளை பித்தளைதானே என்று கோதுகளைப் புளித்தண்ணீரில் ஊறவைத்திருக்கிறாள். இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வரிசையாக மரத்தட்டில் நட்டு வைத்த கோதுகள் விளக்கைப்போல மின்னின. கிட்டப் போகப் பார்த்தேன்.

"அம்மா, பாருங்கோ. ஆனா தொடவேண்டாம். எனக்குச் சட்டம் வடிவாத் தெரியாது."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வேலையிடத்தில் கத்திரிக்கோலையும் இடுக்கியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் என் கைக்கு அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். கடையில் புது ரவை விற்காதா? விற்கும், சங்கத்தின் வழக்கமான சுடுதலுக்கு அதுதான் என்றாள். ஆனால் சில போட்டிகளில் தானே நிரப்பியதைச் சுடலாம். அவளுடைய பிரச்சினை என்னவென்றால், பத்துச் சுட்டால் ஒன்பதும் ஒரு தேத்தண்ணித் தட்டுக்குள் அடங்கும். ஒன்று மட்டும் காரணமே இல்லாமல் எங்கோ போய்விடும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அவுஸ்றைசர். அந்தச் சொல் எனக்குத் தெரியும். பேப்பரில், வீட்டைவிட்டு ஓடிப்போன பிள்ளைகளுக்கு அதைத்தான் எழுதுவார்கள்.

"அப்ப அந்த ஒண்டு ஏன் ஓடுது?"

"அதைத்தான் பாக்கிறன். என்ர கை பிழையெண்டா எல்லாம் பிழைக்கவேணும். இடைக்கிடை மட்டும் பிழைச்சா, அது கோதாயிருக்கும்."

சுடும்போது கோது உள்ளிருக்கும் நெருப்பில் விரிகிறது. நீளுகிறது. வாயைச் சுற்றியுள்ள கழுத்துப் பகுதி ஒவ்வொரு தடவையும் விறைத்துப் போகிறது. அதை மறுபடி பாவிக்கவேண்டுமென்றால் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் எரிந்துபோன பற்றவைக்கும் மூடியைத் தட்டி எடுக்கிறாள். அது இருந்த குழியைச் சுரண்டுகிறாள். கோதை ஓர் இரும்பு அச்சுக்குள் அழுத்தி இழுக்கிறாள். நீண்டுபோனதைச் சீவி, எல்லாவற்றையும் ஒரே உயரமாக்குகிறாள். சீவிய வாயில் இருக்கும் பிசிரை உள்ளும் புறமும் வழிக்கிறாள். பிறகு கழுத்துச் சுவரின் தடிப்பைச் சுற்றிவர அளக்கிறாள். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் ரவை அதிலிருந்து நேராகப் புறப்படாதாம். அப்படிப்பட்டவற்றைப் புறம்பாக வைக்கிறாள். சிறிய நெருப்பில் கழுத்தைக் காட்டி, நிறம் மாறத் தொடங்கும் கணத்தில் எடுத்து, விறைப்பை எடுக்கிறாள். எல்லாவற்றையும் நிறுத்து, ஒரே நிறையானவற்றை ஒன்றாகச் சேர்க்கிறாள்.

இதையெல்லாம் அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளும் லடினாவும் புத்தகம் வாசித்து, வீடியோ பார்த்து, ஒருவரோடு ஒருவர் வாதாடிக் கண்டுபிடித்தார்கள். லடினாவுக்குக் கழுத்துத் தடிப்புத்தான் முக்கியம். துளசிக்கு நெருப்புக் காட்டுவதுதான் முக்கியம். தொலைபேசியில் இந்தச் சண்டையை அவர்கள் கிராமத்து டொய்ச்சில் போடும்போது எனக்கு அரைவாசிதான் விளங்கும். மற்ற வீடுகளில் பெண்பிள்ளைகள் பெடியன்களைப் பற்றிக் கதைக்கிறார்களே என்று ஒரு தடவை நினைத்தேன். பிறகு, இதில் என்ன கவலை என்றும் நினைத்தேன்.

இவ்வளவுக்கும் முதல் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. பல தடவை சுட்ட கோது அடிக்குச் சற்று மேலே உட்பக்கமாக மெலிந்துபோகும். வெளியில் ஒரு பளபளப்பான வளையம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதனால் நுனி வளைத்த மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு, சுவரைக் கீழிருந்து மேலே தடவிப் பார்க்கவேண்டும். பள்ளம் இருந்தால் கம்பி தடக்கும். தடக்கினால் கோதை நசித்து எறிந்துவிட வேண்டும். ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு அவள் தடவுவதைப் பார்த்தேன். "இதில மட்டும் லடினாவோட சண்டை இல்லை" என்றாள்.

6

போரில் செத்தவர்களுக்கான மே மாத நினைவுநாளுக்கு இவர் ஆண்டுதோறும் லீவு எடுப்பார். அந்த ஆண்டு துளசியையும் வரச் சொன்னார். நேரடியாகக் கேட்காமல், "மூண்டு ரிக்கற் எடுக்கட்டோ" என்று என்னைக் கேட்டார்.

துளசிக்கு அடுத்த நாள் போட்டி இருந்தது. கன்டோன் என்ற மாகாண அளவில், தானே நிரப்பிய ரவையோடு போகும் முதல் போட்டி. கோதுகள் இன்னும் முடியவில்லை, பின்னேரத்துக்குள் லடினா வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பவேண்டும், வர ஏலாது என்றாள்.

இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இண்டைக்கு என்ன நாளெண்டு தெரியுமோ?"

"தெரியும் அப்பா. எட்டு வயசில இருந்து தெரியும்."

"தெரிஞ்சுகொண்டுதான் போய் அந்தக் கோதுகளைத் துடைக்கப்போறியோ? உன்ர பெரியப்பாவை அதாலதான் கொண்டவங்கள்."

"நானே சுட்டனான்?"

"சுடுறவை எல்லாருக்கும் ஒரே கைதான்."

துளசி அவருக்கு முன்னால் வந்து நின்றாள். ஏதோ டொய்ச்சில் சொன்னாள். இவருக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தமிழ் வராமல் போனதை அன்றுதான் முதல் தடவையாகக் கண்டேன். கதவைச் சாத்தாமலே இறங்கிப் போனாள். கீழே அந்த இரும்புக் கதவு மூடப்படும் சத்தம் படிக்கட்டு வழியாக மேலே வந்தது.

நாங்கள் இருவரும் மட்டும் ரயில் ஏறினோம். நினைவுநாளில் மெழுகுதிரி கொளுத்தினோம். திரும்பி வந்தபோது துளசி லடினா வீட்டுக்குப் போயிருந்தாள். இவர் அன்றே டாவோசுக்குப் போய்விட்டார்.

7

மறுநாள் நான் வேலையில் இருந்தபோது தொலைபேசி வந்தது. லடினாதான் பேசினாள். எனக்கு விளங்கவேண்டும் என்று கிராமத்துப் பேச்சை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோலச் சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொன்னாள். துளசிக்குக் காயம். முகத்தில். கண் இருக்கிறது. உங்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவருகிறார்கள்.

கண் இருக்கிறது என்று அவள் ஏன் சொன்னாள் என்பது பிறகுதான் விளங்கியது. சுடும்போது கோது அடிப்பக்கம் வெடித்துப் பிரிந்திருக்கிறது. உள்ளிருந்த நெருப்புக் காற்று, முன்னுக்குப் போகவேண்டியது, பின்னுக்கு வந்திருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தபடியால் கண் தப்பியது. கன்னத்திலும் நெற்றியோரத்திலும் பித்தளைத் துணுக்குகள் ஏறியிருந்தன. அவற்றை எடுக்கப் பாவித்த இடுக்கிகள் எங்கள் பகுதியில் கழுவியவைதான். அதை நினைத்துக்கொண்டு நான் அவசரப் பிரிவு வாசலில் நின்றேன், என் வேலை உடுப்போடு.

இவருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். இரவு விருந்துக்கான சூப்பை அடுப்பில் விட்டுவிட்டு வந்தாராம். சமையல் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

துளசி பாதி முகத்தில் கட்டுத் துணியோடு கட்டிலில் இருந்தாள். இவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். திட்டுவார் என்று நான் பயந்தேன். அவளும் அதற்குத் தயாராக இருந்தாள்போல, தானே தொடங்கினாள்.

"துவக்கில பிழை இல்லை அப்பா. மருந்திலயும் பிழை இல்லை. கோது. கம்பி விட்டுப் பாக்கவேணும். நேற்று நான் பாக்கேல்லை."

"ஏன் பாக்கேல்லை?"

அவள் கன்னத்துக் கட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கை நடுங்கினது. கம்பியில ஒண்டும் தெரியேல்லை. கோவத்தில எல்லாத்தையும் பெட்டிக்குள்ள போட்டிட்டுப் போனன்."

இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கோட்டில் தக்காளிக் கறை இருந்தது. சுடுவதை விட்டுவிடு என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். நானும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றேன்.

"என்னோட கோவமெண்டா கீழ போகாத" என்றார். "மேல வா. வந்து என்னோட சண்டை பிடி. டாவோசில நிண்டா ரெலிபோன் எடுத்துச் சண்டை பிடி. கோவத்தோட மட்டும் அந்த வேலை செய்யாத."

துளசி அழுதாள். கண்ணீர் காயத்தில் பட்டு எரிந்ததும், ஆ என்றாள். இவர் எழும்பி, மேசையில் இருந்த கடதாசித் துவாயை எடுத்து, காயத்தில் படாமல் ஒற்றினார்.

8

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. யாரும் பேசி வைத்ததல்ல. துளசி நிலவறைப் பூட்டின் திறப்பைக் கையில் எடுத்தால், படி இறங்குவதற்கு முன்னால் குசினிக்குள் எட்டிப் பார்ப்பாள்.

"அப்பா, கோவம் ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை. போ."

இவர் டாவோசில் நின்றால் தொலைபேசியில் கேட்பாள். அடுப்புச் சத்தத்துக்கு நடுவே "இல்லை, இல்லை" என்று கத்துவாராம். உடன் வேலை செய்கிறவர்கள், உன் மகள் தினமும் என்ன கேட்கிறாள் என்று விசாரித்தார்களாம். காயம் ஆறியது. கன்னத்தில் இரண்டு புள்ளி மட்டும் மிச்சம். பழைய கோதுகள் எல்லாவற்றையும் நசித்து எறிந்துவிட்டு, ஒரே தொகுதியில் செய்த புதியவற்றை வாங்கி, முதலிலிருந்து தொடங்கினாள். ஓடிப்போகும் அந்த ஒன்று குறைந்துவிட்டது, ஆனால் முற்றாக நிற்கவில்லை. மறு ஆண்டுப் போட்டியில் நடுவில் எங்கோ ஓரிடம் வந்தாள். இவர் பார்க்கப் போகவில்லை. இன்றுவரை போனதில்லை.

போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இவர் குசினி மேசையில் இருந்து கச்சான் கடலை உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துளசி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, கோவம் ஒண்டும் இல்லைத்தானே?"

"கோவம் இல்லை" என்றார். பிறகு, "ஒரு கேள்வி இருக்கு. இரு" என்றார்.

அவள் இருந்தாள். நான் அடுப்பைத் தணித்தேன்.

இவர் சீனிப் பேணியை எடுத்து மேசை நடுவில் வைத்தார். "இது கிணறு." தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இது வீட்டு வாசல். அந்தக் கரண்டி தெருப்பக்கத்துப் படலை. இஞ்சால பின்வேலி, அதுக்கு அங்கால போற சின்னப் பாதைதான் ஒழுங்கை." பிறகு கச்சான் கோதுகளை எடுத்து, சீனிப் பேணிக்கும் வேலிக்கும் இடையில் ஒவ்வொன்றாக வைத்தார். எந்த இடத்தில் எது என்று யோசிக்கவே இல்லை. கை தானாக வைத்தது.

"அண்ணை இதில கிடந்தவர். கோதுகள் இப்பிடிக் கிடந்தது. நான் பொறுக்கினனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அம்மா பயந்துபோவா எண்டு கிணத்துக்க போட்டிட்டன்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கோது விழுந்த இடத்தை வைச்சு, சுட்டவன் நிண்ட இடம் சொல்லலாமோ? படலைப் பக்கமோ, ஒழுங்கைப் பக்கமோ?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. படலைப் பக்கம் என்றால் தெருவால் வரும் ஒரு தரப்பு. ஒழுங்கைப் பக்கம் என்றால் ஒளித்து வரும் இன்னொரு தரப்பு. இத்தனை காலமும் அந்த நிலவறைக்கு இவர் இறங்காதது சத்தத்துக்கோ சாமானுக்கோ பயந்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருத்தி அங்கே இருந்தாள். பயம் அதுதான்.

துளசி மேசையைப் பார்த்தாள். எழும்பிப் போய், இவருக்குப் பின்னால் நின்று, இவர் பார்க்கிற பக்கத்திலிருந்து பார்த்தாள். திரும்பி வந்து இருந்தாள்.

"கூடுதலா வலப் பக்கம்தான் விழும் அப்பா. கொஞ்சம் பின்னால. ஆனா எல்லாத் துவக்கும் அப்பிடி இல்லை. சிலது முன்னுக்கு எறியும். நிண்டு சுட்டா ஒரு மாதிரி, நடந்து நடந்து சுட்டா வேற மாதிரி. மண் எப்பிடி? கல்லோ?"

"கிணத்தடிச் சீமெந்து."

"அப்பிடியெண்டா விழுந்து உருண்டிருக்கும்." தலையை ஆட்டினாள். "சொல்ல ஏலாது. ரெண்டு பக்கத்தாலயும் இப்பிடிக் கிடக்கும். நான் ஒண்டைச் சொன்னா அது பொய்."

"உனக்கே தெரியாதோ?"

"தெரியாது அப்பா."

இவர் ஒரு கச்சான் கோதை விரலால் நகர்த்தி, மறுபடி பழைய இடத்தில் வைத்தார். பிறகு நீளமாக மூச்சை விட்டார்.

"எல்லாரும் தெரியும் எண்டுதான் சொன்னவை" என்றார். "செத்த வீட்டிலயே சொன்னவை. இஞ்ச வந்த பிறகும் சொன்னவை. ஒருத்தரும் அந்த இடத்தைப் பாக்கேல்லை. தெரியாது எண்டு நீ ஒருத்திதான் சொல்லுறாய்."

துளசி நிலவறைத் திறப்பை மேசையில் வைத்தாள். மேசையில் இருந்த ஒரு கச்சானை எடுத்து உடைத்து, பருப்பை இவரிடம் கொடுத்தாள்.

"பெரியப்பா எப்பிடி ஆள்?"

அவரைப் பற்றி அந்தக் கேள்வியை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் சேர்த்து. எப்படிச் செத்தார் என்றுதான் எல்லோரும் கேட்டோம்.

"சைக்கிளை ரெண்டு கையையும் விட்டிட்டு ஓடுவான்" என்றார் இவர். "பெரிய ஆள் எண்ட நினைப்பு. ஒருநாள் என்னையும் முன்னுக்கு ஏத்திக்கொண்டு, சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால, சனம் எல்லாம் பாக்க, கையை விட்டான்..."

"பிறகு?"

"பிறகென்ன. கத்தரிக்காய் வித்துக்கொண்டிருந்த மனிசிக்கு மேல போய் விழுந்தம். அது எழும்பி அவனை விளக்குமாத்தால அடிக்க, அவன் கத்தரிக்காய் பொறுக்கிக் குடுத்துக்கொண்டே அடி வாங்கினான்."

அவர் சிரித்தார். துளசியும் சிரித்தாள். அவர் இன்னொன்று சொல்லத் தொடங்கினார்.